தலையணை உறைக்குள் ஒரு கட்டை

அத்தியாயம் ஆறு

"நல்லா பாத்துக்குங்க. என் வீட்டுக்காரரோட கையைத் தின்னது இதுதான்."

நர்ஸம்மா பழைய தலையணை உறை ஒன்றுக்குள் கையை விட்டு, ஒரு மரக்கட்டையை எடுத்து மடக்கு மேசையின் மேல் வைத்தாள். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய கட்டை. மேட்டில் நிறுத்திய வண்டி உருண்டுவிடாமல் பின்சக்கரத்தின் அடியில் கொடுப்பார்களே, அது. ஐந்து வருடமாக அதை இந்த உறையில் சுற்றி, அலமாரியில் துணிமணிக்கு நடுவே வைத்திருந்தாளாம். நகையைக்கூட இவ்வளவு பத்திரமாக வைப்பார்களா என்று ஸ்டெப்னிக்குச் சந்தேகம் வந்தது.

ஸ்டெப்னிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அண்ணி எங்கே வண்டியை எடுத்தாலும் இவனும் பின்னால் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்து அண்ணன் வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. அந்த அண்ணி இருபத்திரண்டு வருடம் மோட்டார் இன்ஷூரன்ஸில் சர்வேயராகக் குப்பை கொட்டியவள். நொறுங்கிய வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாளானால், ஓட்டியவன் என்ன பொய் சொல்லப் போகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் அவள் சர்வேயரம்மாதான்.

"நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் சர்வேயரம்மா.

நர்ஸம்மா ஊசி போடுகிற மாதிரி சொன்னாள். நிதானமாக, கை நடுங்காமல். ஐந்து வருடத்துக்கு முன் இதே கடற்கரை முகாம். வண்டிகள் மேலே சாலையோரத்தில், கூடாரங்கள் கீழே மணல் சரிவில். பக்கத்துக் கூடாரம் ஒரு பேக்கரிக்காரருடையது. இடத்துக்காக அவருக்கும் இவள் கணவருக்கும் வாய்ச்சண்டை. அன்று மத்தியானம் கணவர் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது, மேலே நின்ற இவர்களுடைய வண்டி தானாக உருண்டு வந்து கூடாரத்தின் ஓரத்தில் ஏறியது. கணவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். வலதுகையில் மூன்று விரல்கள் அன்றைக்கு மடங்காமல் போனவை போனவைதான்.

"சக்கரத்துக்குக் கொடுத்திருந்த இந்தக் கட்டை, அவன் டெண்ட்டு ஓரமா கிடந்துச்சு. நானேதான் எடுத்தேன். போலீஸ்ல சொன்னேன். யாரும் பாக்கலையே, அது விபத்துன்னுட்டாங்க."

சொல்லிக்கொண்டே அவள் கணவருடைய சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டாள். குளித்துவிட்டு வந்து கான்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்காரர், முகவாயை உயர்த்திக் கொடுத்தார். ஐந்து வருடப் பழக்கம். இரண்டு பேரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இந்த வருடம் குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. இதற்கு முன் நான்கு முகாம்கள். பன்னிரண்டு வயது மகள் இதைச் சுற்றுலா என்று நம்பி, ஒவ்வொரு கரையிலும் சிப்பி பொறுக்கி டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவோ ஒவ்வொரு முகாமிலும் கூடாரம் அடிப்பதற்கு முன்பே ஆபீசுக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். பேக்கரிக்காரர் ஐந்தாவது முகாமில் அகப்பட்டார். அதே இடத்தில், இங்கேயே. உடனே சர்வேயரம்மாவுக்குப் போன் பறந்தது.

"நாளைக்குக் காலையில அவன் கிளம்பறான். இன்னைக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க."

"நிரூபிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அது என் பாடு."

மகள் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, மணலில் வெறுங்காலோடு நடந்தாள். "பாப்பா, செருப்பு. கிளிஞ்சல் குத்தும்," என்று அதட்டினாள் அம்மா. சிறுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு செருப்பின் வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தது. "சிப்பி பொறுக்கப் போறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

சர்வேயரம்மா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டக் குழிகள். சுண்டுவிரல் நுனியை ஒரு குழியில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டைக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி ஒன்றை வாட்ச்காரரிடம் கேட்டாள்.

"டெண்ட்டு முளை எதால அடிக்கறீங்க?"

"சுத்தியல்லதான்." இடதுகையால் ஒரு சுத்தியலைக் காட்டினார். கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட அதில் இன்னும் போகவில்லை.

"புதுசு போல."

"பழசு தொலைஞ்சுடுச்சு," என்று அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

கட்டையை ஸ்டெப்னியின் தோள்பைக்குள் போட்டுவிட்டு அண்ணி எழுந்தாள். காலியான தலையணை உறையை நர்ஸம்மா நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல் கேட்டாள்.

"கட்டைய எடுத்தா வண்டி உடனே உருண்டுடுமா?"

"ஹேண்ட்பிரேக் பழசா இருந்தா கொஞ்ச நேரம் புடிக்கும். அரை மணி, ஒரு மணி. அப்புறம் கேபிள் நழுவும்."

நர்ஸம்மா தலையாட்டினாள். பழைய கதைக்குத்தான் கேட்கிறாள் என்று சர்வேயரம்மா நினைத்தாள். இருபத்திரண்டு வருட அனுபவம் சறுக்கிய இடம் அது ஒன்றுதான்.

*

"போய் ஒரு சுத்தியல் இரவல் கேளு," என்றாள் அண்ணி, முகாமின் மறுகோடிக்கு வந்ததும்.

"எதுக்கு அண்ணி? நம்மகிட்ட டெண்ட்டே இல்லையே."

"வாய் இருக்குல்ல, அதை வச்சு அடி."

பேக்கரிக்காரருடைய பழைய ரொட்டி வண்டி, பின்பக்கம் கடலைப் பார்த்தபடி மேட்டில் நின்றது. அதற்கு நேர் கீழே அவருடைய கூடாரம். ஸ்டெப்னி வண்டியைச் சுற்றிக்கொண்டு கம்பீரமாகப் போனவன், பின்சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டையில் வலதுகாலின் கட்டைவிரலை நச்சென்று இடித்துக்கொண்டான். பளிச்சென்று சிவப்புப் பெயின்ட் அடித்த கட்டை. கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்த வண்ணம். இவன் கண்ணுக்குத்தான் அதிர்ஷ்டமில்லை.

"பாத்துங்க," என்று ஓடி வந்தார் பேக்கரிக்காரர். முன்னங்கைகள் இரண்டிலும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள், சாந்தமான முகம். "அந்தக் கட்டைய நம்பித்தான் வண்டியே நிக்குது. ஹேண்ட்பிரேக்கு சும்மா பேச்சுக்கு இருக்கு."

"இப்ப என் விரலும் பேச்சுக்குத்தான் இருக்கு," என்று நொண்டிக்கொண்டே சுத்தியல் கேட்டான் ஸ்டெப்னி.

அவர் சாமான் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு சுத்தியல்கள். ஸ்டெப்னி சின்னதைத் தொடப் போனான்.

"அது வேணாம். பெரிசை எடுத்துக்குங்க. சின்னது என்னுது இல்ல."

சின்னச் சுத்தியலின் கைப்பிடியில் தோல்பட்டைகள் நெருக்கமாகச் சுற்றி ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பட்டையிலும் வரிசையாகத் துளைகள். எல்லாம் பழைய கைக்கடிகார வார்கள். இப்படி ஒரு கைப்பிடி செய்துகொள்ளக்கூடியவர் எந்தத் தொழிலில் இருப்பார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை தேவையில்லை. அண்ணி மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரோடதுங்க?"

பேக்கரிக்காரர் பெட்டியை மூடினார். "அஞ்சு வருஷமாச்சு. இங்க வந்து இறங்கினதும் பக்கத்து டெண்ட்டுக்காரர்கிட்ட வாங்கினேன். நாலு முளை அடிக்கறதுக்குள்ள, என் கயிறு அவர் இடத்துல வருதுன்னு சத்தம் போட்டார். நானும் விடல. மேனேஜர் வந்து அளந்தா, தள்ளி அடிச்சிருந்தது அவர் டெண்ட்டுதான். பிடுங்கி நகர்த்துங்கன்னுட்டார்."

"சுத்தியலைக் கேட்டாரா?"

"கேக்கல. கேட்டா குடுப்போம்னு நானும் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். வீம்பு. ரெண்டு மணி நேரத்துல அவர் கை போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் குடுக்கறது? வருஷா வருஷம் இதே வாரம் இங்கதான் வர்றேன். அவர் வந்தா குடுத்துடலாம்னு."

"வந்திருக்காங்களே, பாக்கலையா?"

"அந்தம்மா என்னைப் பாத்த பார்வைய நேத்தே பாத்தேன். அந்தப் பக்கம் போகவே தைரியம் வரல. நாளைக்குக் கிளம்பறப்ப வச்சுட்டு ஓடிடலாம்னு இருக்கேன்."

கூடாரத்துக்குள்ளிருந்து பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எத்தனை பசங்க?" என்றான் ஸ்டெப்னி.

"ரெண்டு என்னுது. ஒண்ணு நேத்துலேருந்து எங்கேயோ இருந்து வந்து ஒட்டிக்கிச்சு. அம்மாகிட்ட சிப்பி பொறுக்கறேன்னு சொல்லிட்டு இங்க வந்து சீட்டு விளையாடுது. இப்ப தூங்கிடும்." அவர் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு, நீளமாக வரிசை நின்ற தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார். மனைவி ஊருக்குள் மருந்து வாங்கப் போயிருந்தாள். கூடார வாசலில் செருப்புகள் குப்புறக் கிடந்தன. ஸ்டெப்னி தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

முகாம் ஆபீசில் வாடகைக்கு விடும் கூடாரச் சாமான்கள் குவிந்து கிடந்தன. சர்வேயரம்மா அதிலிருந்து ஓர் இரும்பு முளையை எடுத்து, தோள்பையிலிருந்த கட்டையின் குழி ஒன்றில் அதன் தலையை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. இன்னொரு குழி. அதுவும் பொருந்தியது.

"டயர் தேய்க்கும். குழி பறிக்காது," என்றாள்.

ஸ்டெப்னி நொண்டுவதை மறந்தான். "அண்ணி, அப்ப இதால முளை அடிச்சிருக்காங்க."

"யார்?"

"சுத்தியல் இல்லாதவங்க."

"அன்னைக்குச் சுத்தியல் இல்லாம, அவசரமா டெண்ட்டை நகர்த்த வேண்டியிருந்தது யாருக்கு?"

ஸ்டெப்னிக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லத்தான் பிடிக்கவில்லை. சண்டை போட்டவனிடம் போய் என் சுத்தியலைக் கொடு என்று கேட்க வாட்ச்காரருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் கனமான பொருள் ஒன்றே ஒன்று, தன் வண்டிச் சக்கரத்தின் அடியில். உருவினார், அடித்தார். நகர்த்திய கூடாரம் போய் நின்றது வண்டிக்கு நேர் கீழே. கடைசி முளை பேக்கரிக்காரர் பக்கத்து மூலை. அடித்து முடித்த இடத்திலேயே கட்டையைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

"அவருக்குத் தெரியுமா அண்ணி?"

"கேள்விக்குத் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்து பதில் சொன்னாரே, அப்பவே தெரியும்னு தெரிஞ்சுது. அஞ்சு வருஷமா ஒரு அப்பாவிய அந்தம்மா வாயில போட்டு மெல்லறதை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கார்."

ஸ்டெப்னிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்த ரொட்டிக்காரர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வருடா வருடம் அலைந்ததை நினைத்தால் வாட்ச்காரருடைய இன்னொரு கையையும் கேட்கலாம் போல் இருந்தது. "வாங்க அண்ணி. அவர் பொண்டாட்டி முன்னாடியே கேப்போம்."

*

நர்ஸம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்காரர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். அவள் முகத்தில் முன்பு இருந்த இறுக்கம் இல்லை. நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தவளைப்போல் இருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டோம்," என்றாள் சர்வேயரம்மா.

"தேவைப்படலீங்க. சாட்சி இல்லாம அவன் செஞ்சதைச் சாட்சி இல்லாமலே திருப்பிக் குடுத்தாச்சு."

ஸ்டெப்னியின் பார்வை மேசைமேல் போனது. நான்காக மடித்து வைத்திருந்த தலையணை உறை இப்போது புடைத்துக்கொண்டிருந்தது. கட்டை தன் தோள்பையில் கனத்துக்கொண்டிருக்கிறதே, பிறகு உறைக்குள் என்ன? உறையின் வாயைப் பிரித்தான். சிவப்புப் பெயின்ட்.

"அண்ணி," என்றான். "இந்தக் கட்டைய என் விரலுக்கு நல்லா தெரியும்."

சர்வேயரம்மாவின் முகம் வெளுத்தது. "எப்ப எடுத்தீங்க?"

"அவன் பாத்திரம் கழுவப் போனப்ப. அரை மணின்னு நீங்கதானே சொன்னீங்க. முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

"டெண்ட்டுக்குள்ள குழந்தைங்க தூங்குது."

"அவன் குழந்தைங்க," என்றாள் நர்ஸம்மா.

ஸ்டெப்னி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தான். நொண்டலாவது மண்ணாவது. இருநூறு தப்படி மணல். மேட்டை அடைந்தபோது ரொட்டி வண்டி கிறீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தது. பின்சக்கரம் ஒரு சாண் நகர்ந்து, தயங்கி, மறுபடி நகர்ந்தது. தோள்பையைக் கவிழ்த்தான். ஐந்து வருடம் அலமாரியில் கிடந்த கட்டை மணலில் விழுந்தது. அதை இரண்டு கையாலும் சக்கரத்துக்கு அடியில் திணித்து, மேலே விழுந்து அழுத்தினான். டயர் கட்டையில் ஏறப் பார்த்தது. ஏறியது. பாதியில் நின்றது.

சர்வேயரம்மா ஓடி வந்து வண்டிக்குள் ஏறி பிரேக்கை மிதித்தாள். கூடாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு தப்படி மிச்சம் இருந்தது.

சத்தம் கேட்டு, பேக்கரிக்காரர் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கூடாரத்தின் திரை விலகியது. தூக்கக் கலக்கத்தோடு ஒரு பையன் வெளியே வந்தான். அவன் பின்னால் அவன் தம்பி. அவனுக்கும் பின்னால், பச்சைச் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டு, ஊக்குக் குத்திய செருப்பை முதலில் மாட்டிக்கொண்டு, ஒரு சிறுமி.

நர்ஸம்மா ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். மகளைப் பார்த்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டாதம்மா," என்றது பிள்ளை. "நாளைக்கு இவங்க ஊருக்குப் போயிடுவாங்க, அதான்."

"கட்டைய யார் எடுத்தது?" என்றார் பேக்கரிக்காரர். இரண்டு பையன்களையும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தச் சாந்தமான முகத்தை இப்போது காணவில்லை.

"நான்," என்றாள் நர்ஸம்மா.

அவர் அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். சர்வேயரம்மா வண்டிக்குள் இருந்தபடியே பேசினாள். "ஒரு நிமிஷம். அந்தம்மா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கட்டைய எடுத்தது யார்னு. அதுக்குச் சாட்சி இந்தச் சக்கரத்துக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கு, இப்ப எடுத்துக் காட்ட முடியாது. வாயாலதான் சொல்லணும்."

"வேணாம். நான் சொல்றேன்."

வாட்ச்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். ஓடி வந்ததில் சட்டைப் பட்டன்கள் மூன்று கழன்று, காற்றில் சட்டை படபடத்தது. மனைவியைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"சுத்தியல் இவர்கிட்ட இருந்துச்சு. கேக்க மனசு வரல. நான்தான் கட்டைய உருவி முளை அடிச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவே ஞாபகம் வந்துடுச்சு. அதுக்குள்ள உங்கம்மா இவர் பேரைச் சொல்லிட்டா."

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தினம் காலையில உங்களுக்குப் பட்டன் போடறப்ப," என்றாள், "ஒவ்வொரு பட்டனுக்கும் இந்த மனுஷனை ஒரு தடவை சபிச்சேன். வாய்விட்டுச் சபிச்சேன். என் முகத்துக்கு நேரா முகத்தை வச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஒரு நாள் போதும்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னை மன்னிக்க மாட்டேன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும்?"

பேக்கரிக்காரர் சாமான் பெட்டியைத் திறந்து, வார் சுற்றிய சுத்தியலை எடுத்து வந்து வாட்ச்காரருடைய காலடியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

"இதுக்காகத்தான் வருஷா வருஷம் வந்தேன். இனிமே வர மாட்டேன்," என்றார். பிறகு நர்ஸம்மாவிடம், "ஆபீசுக்குப் போய் போலீசுக்குப் போன் போடப் போறேன். உங்க பொண்ணு உள்ள இருந்ததால விட்டுட முடியாது. என் பசங்களும் இருந்தாங்க," என்றார்.

"போடுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்," என்றாள் அவள்.

அவர் போனதும் வாட்ச்காரர் இடதுகையால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் முன் வந்து நின்றார். பழக்கத்தில் முகவாய் தானாக உயர்ந்தது.

நர்ஸம்மா எழுந்தாள். மகளை இழுத்து அணைத்து, அவள் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கணவருடைய பக்கம் கை நீளவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரே கையால் தானே பட்டன் போடத் தொடங்கினார். ஒவ்வொரு பட்டனுக்கும் அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்பது அவருக்குக் கேட்டிருக்கும். இந்தத் தடவை சாபம் வேறு யாருக்கும் போகவில்லை.